மூன்றாம் கட்டத்துக்குப் பணம் கிடையாது: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில், விண்வெளியிலும் ராணுவத் தொழில்நுட்பத்திலும் சின்ன கம்பெனிகள் அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்வதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் இடம் போதாது, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பதினாறு வருடம் ஒரு சின்ன கம்பெனியில் வால்வு செய்துகொண்டிருந்தவன் நான், அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில் ஊரில், பதினோரு பேர் மட்டுமே வேலை செய்யும் கம்பெனியில் இருக்கிறான். கிரீன் கார்டு வந்துவிட்டது. என்னப்பா வேலை என்று கேட்டால், "நாசா பணத்துல ஆராய்ச்சி பண்றோம்மா" என்கிறான். நாசாவிலேயே ஆயிரக்கணக்கில் விஞ்ஞானிகள் இருக்கும்போது பதினோரு பேருக்கு எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்? 2025 கடைசியில் "புது புராஜெக்ட் எதுவும் வரல" என்று கொஞ்ச நாள் கவலையாகவே பேசினான். நிலையான வேலைதானா இது? (ஒரு வாசகி, திருவரங்கம்)

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது அநேகமாக எஸ்பிஐஆர் என்ற திட்டமாக இருக்கும். ஸ்மால் பிசினஸ் இன்னொவேஷன் ரிசர்ச் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்க மத்திய அரசில் எந்தத் துறையாக இருந்தாலும், வெளியாட்களுக்கு ஆராய்ச்சிக்கென்று கொடுக்கும் பணம் ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டினால், அதில் 3.2 சதவீதத்தைச் சின்ன கம்பெனிகளுக்காகத் தனியே எடுத்து வைத்தாக வேண்டும். துறைத் தலைவர் மனசு வைத்தால் கொடுக்கலாம் என்கிற விஷயம் இல்லை, சட்டமே அப்படி. ராணுவம், நாசா, எரிசக்தி, சுகாதாரம் என்று 11 துறைகள் இதில் வருகின்றன. எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 400 கோடி டாலர் போகிறது, பெரிய பங்கு ராணுவத்துடையது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி உள்ளே வர முடியாது. பாதிக்கு மேற்பட்ட உரிமை அமெரிக்கக் குடிமக்களிடமோ அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களிடமோ இருக்க வேண்டும்.

ஏன் பதினோரு பேருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். 1970களில் அங்கே அரசின் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது, சின்ன கம்பெனிக்காரர் வாசலைத் தாண்டுவதே கஷ்டம். தேசிய அறிவியல் நிறுவனத்தில் இருந்த ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி 1977-ல் ஒரு சோதனை முயற்சி தொடங்கினார். ஒரு யோசனை தேறுமா தேறாதா என்பது காகிதத்தைப் பார்த்துத் தெரியாது, அதனால் முதலில் கொஞ்சம் பணம் கொடு, ஆறு மாதம் பார், தேறுகிற மாதிரி இருந்தால் அப்புறம் நிறையக் கொடு. அவ்வளவுதான் அவர் யோசனை. அது நன்றாக நடந்தது. 1982 ஜூலை 22 அன்று அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டு எல்லாப் பெரிய துறைகளுக்கும் சட்டமாக்கினார். தங்கள் பங்கு குறையும் என்று பல்கலைக்கழகங்கள் அப்போது எதிர்த்தன.

பணம் மூன்று கட்டமாக வரும் என்பார்கள். நாசாவில் சமீப வருடங்களில் முதல் கட்டத்துக்கு ஆறு மாதம், 1,50,000 டாலர், நம் கணக்கில் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். அதில் யோசனை நடக்கும் என்று காட்ட வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு வருடம், 8,50,000 டாலர் வரை, அதில் மாதிரி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். மூன்றாம் கட்டத்துக்கு இந்தத் திட்டத்திலிருந்து ஒரு டாலர்கூடக் கிடையாது. அங்கே அரசுத் துறையோ பெரிய கம்பெனியோ வந்து, செய்ததை விலைக்கு வாங்க வேண்டும். ஆனால் சட்டம் ஒரு பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. முதல் இரண்டு கட்டத்தில் ஏற்கெனவே போட்டி நடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மறுபடி டெண்டர் விடாமல் அந்தக் கம்பெனியிடமே நேரடியாக வாங்கலாம். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க யாராவது கிடைத்துவிடுவார்கள். செய்து முடித்த பொருளை முதன்முதலில் வாங்குகிற ஆள்தான் கிடைக்க மாட்டார்.

அடுத்தது உங்கள் மகனுடைய கவலை. இந்தத் திட்டத்துக்கான அனுமதியை அமெரிக்க நாடாளுமன்றம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நீட்டித்தாக வேண்டும். 2022-ல் செப்டம்பர் 30, கடைசி நாளில்தான் கையெழுத்தானது. 2025-ல் அதே தேதியில் அனுமதி முடிந்தபோது, எப்படித் திருத்துவது என்று அவர்களுக்குள் உடன்பாடு வராமல் காலாவதி ஆகிவிட்டது. கையில் இருந்த ஒப்பந்தங்கள் நடக்கும், புதிதாகத்தான் கொடுக்க முடியாது என்கிற நிலை அப்போது வந்தது. பெரிய கம்பெனிக்கு நாலு மாதத் தாமதம் ஒரு கணக்குப் புத்தகச் சமாச்சாரம். பதினோரு பேர் இருக்கும் இடத்தில் அது இரண்டு பேருடைய சம்பளம். அதனால்தான் அவர் குரல் அப்படி இருந்திருக்கும். அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: செய்கிற வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அரசுத் திட்டத்தைத் தவிர வேறு யாராவது இவர்களிடம் பொருள் வாங்குகிறார்களா. இரண்டாவதற்கு ஆமாம் என்றால் நிம்மதியாக இருங்கள். இல்லை என்றாலும் பயம் வேண்டாம், அங்கே படித்துக்கொள்கிற வேலை பெரிய கம்பெனியில் பத்து வருடம் இருந்தாலும் கிடைக்காது.

கேள்வி: அரசு பணம் கொடுத்தால் கண்டுபிடிப்பும் அரசுக்குத்தானே சொந்தம்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: அமெரிக்காவில் அப்படி இல்லை. 1980-ல் வந்த பே-டோல் சட்டப்படி காப்புரிமை கம்பெனிக்கே, அரசு தன் தேவைக்குக் கட்டணமில்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். எஸ்பிஐஆரில் இன்னும் ஒரு பாதுகாப்பு உண்டு. வரைபடம், அளவீடு, மென்பொருள் எல்லாவற்றையும் அரசு 20 வருடம் வரை வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது. 2019-க்கு முன்னால் இது நாலைந்து வருடம்தான் இருந்தது. ஒரு சின்ன கம்பெனியின் வரைபடத்தை வாங்கி, அதைவிட நூறு மடங்கு பெரிய கம்பெனியிடம் கொடுத்து "இதைப் போல செய்துகொடு" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, அதைத் தடுக்கத்தான்.

கேள்வி: பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இந்தத் திட்டத்தில் செய்து உண்மையிலேயே விண்வெளிக்குப் போன பொருள் ஒன்றைச் சொல்லுங்கள், வகுப்பில் சொல்லலாம். (ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: டீச்சர், உங்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வெப்பக் கடத்தல் எடுக்கும்போது சொல்லுங்கள்.

ஹப்பிள் தொலைநோக்கியில் நிக்மோஸ் என்று ஒரு அகச்சிவப்புக் கருவி, 1997 பிப்ரவரியில் பொருத்தினார்கள். அகச்சிவப்பு என்பதே வெப்பத்தைப் பார்ப்பது. கருவியே சூடாக இருந்தால் அதன் சூட்டில் தூரத்து நட்சத்திரம் எப்படித் தெரியும்? அதனால் ஒரு பெரிய பிளாஸ்குக்குள் நைட்ரஜனைக் கட்டியாக உறையவைத்து, அதன் நடுவில் கருவியை வைத்து அனுப்பினார்கள். நாலரை வருடம் தாங்கும் என்பது கணக்கு. மேலே போனதும் அந்த நைட்ரஜன் கட்டி விரிந்து, பிளாஸ்கின் உள் பாகம் ஒன்றைத் தள்ளி, அது தொடக்கூடாத இன்னொரு பாகத்தைத் தொட்டுவிட்டது. அந்த ஓர் இடம் போதாதா? வெப்பம் அதன் வழியாகவே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. 1999 ஜனவரியில் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது. கேமராவில் ஒரு பழுதும் இல்லை, குளிர்தான் இல்லை.

சரி, ஒரு குளிர்சாதனம் வைத்துவிடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும்போது மேலே கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், லேசாக அதிரும். ஹப்பிளுக்கு அந்த அதிர்வுகூட ஆகாது, படம் கலங்கிப்போகும். எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரஸரும் கூடாது. அப்போதுதான் கிரியேர் என்ற கம்பெனியின் வேலை கைகொடுத்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹனோவர் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அது. அவர்கள் எஸ்பிஐஆர் பணத்திலும் மற்ற அரசு ஒப்பந்தங்களிலும் பல வருடமாகக் குளிர்சாதனத்துக்கான மிகச் சின்னச் சுழலிகளை (டர்பைன்) செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு 4 லட்சம் சுற்று சுற்றும். காரின் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றுதான் வரும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு எதன் மேலும் உட்காராது, மெல்லிய வாயுப் படலத்தின் மேல் மிதக்கும். உரசல் இல்லை, அதனால் தேய்மானம் இல்லை, எண்ணெய் தேவையில்லை, அதிர்வு கைக்கே தெரியாது.

நைட்ரஜன் முழுதாகத் தீருமுன்பே, 1998 அக்டோபரில், அந்தச் சுழலி வைத்த குளிர்சாதனத்தை டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பழைய விண்வெளி வீரர் ஜான் கிளென் தன் 77-வது வயதில் போனாரே, அதே பயணம்தான். 2002 மார்ச்சில் கொலம்பியா ஓடத்தில் போன வீரர்கள் அதை ஹப்பிளில் பொருத்தினார்கள். குழாய்களில் நியான் வாயு ஓடியது, கருவி மைனஸ் 196 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது, மூன்று வருடமாகக் கண் மூடிக் கிடந்த நிக்மோஸ் திரும்பப் பார்க்க ஆரம்பித்து 2008 வரை வேலை செய்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் சுழலியின் வேகம்கூட இல்லை. நைட்ரஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தெரிந்தபோது இந்தச் சாதனம் ஒரு மேஜை மேல் ஏறக்குறைய தயாராக இருந்தது பாருங்கள், அதுதான். யாரும் ஆர்டர் கொடுக்காத காலத்தில், இது எதற்குப் பயன்படும் என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, அரசாங்கத்தில் யாரோ ஒரு சின்னத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தேவை வந்தபிறகு ஆரம்பித்திருந்தால் 2002-ல் பொருத்தியிருக்கவே முடியாது.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து நாற்பது வருடமாகப் பம்ப், வால்வு செய்கிறோம். கணினி வழியாக உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரம் ஆறு ஓடுகிறது. பாதுகாப்புத் துறைக்குள் போகலாம் என்று மகன் நச்சரிக்கிறான். அமெரிக்காவைப் போல இங்கே திட்டம் உண்டா, இருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? (ஒரு வாசகர், பீளமேடு, கோவை)

பதில்: உண்டுங்க ஐயா. ஐடெக்ஸ் என்று பெயர். 2018 ஏப்ரலில், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். முப்படையும் பாதுகாப்புப் பொதுத்துறைக் கம்பெனிகளும் தங்களுக்குத் தீராத பிரச்சினைகளைச் சவால்களாக வெளியிடுவார்கள். ஸ்டார்ட்அப், சிறு தொழில், தனி ஆள் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் 1.5 கோடி ரூபாய் வரை மானியம், அதற்கு இணையாக உங்கள் பங்கையும் போட வேண்டும். ஐடெக்ஸ் பிரைம் என்றால் 10 கோடி வரை. 2024-ல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. இது தவிர பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியில் ஒரு திட்டத்துக்கு 50 கோடி வரை போகலாம், செலவில் 90 சதவீதம் வரை அவர்கள் தருவார்கள். விண்வெளியும் இதற்குள் வந்துவிட்டது. 2024 ஜூனில் ஐடெக்ஸின் 350-வது ஒப்பந்தம் பெங்களூரு பிக்ஸல் கம்பெனியோடு, 150 கிலோ வரையிலான சின்னச் செயற்கைக்கோளுக்குப் போட்டார்கள். முக்கியமாக ஒன்று: கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதல் வேலையாக மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வாருங்கள்.

கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கிறது. ஆனால் உள்ளே போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது, என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நாங்கள் ஓர் அரசு ஆய்வகத்துக்காக விரல் நீளத்துக்கு, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு செய்தோம். பட்டறையில் லட்சம் தடவை திறந்து மூடிப் பார்த்தாயிற்று, ஒரு சொட்டு கசியவில்லை, அவ்வளவு பெருமை எங்களுக்கு. வெற்றிடக் கலத்தில் வைத்துச் சூடேற்றி மறுநாள் காலை திறந்தால், கலத்தின் கண்ணாடி ஜன்னலில் உள்பக்கமாக மூச்சு விட்டது போல ஒரு மங்கல். விரலால் தொட்டேன், எண்ணெய்ப் பிசுக்கு. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் சுலபமாக இறங்குவதற்காக எங்கள் ஃபிட்டர் வழக்கம் போல கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்கிறார். வெற்றிடத்தில் அது ஆவியாகி எங்கே குளிர்ச்சியோ அங்கே போய்ப் படிந்துவிட்டது. அது கண்ணாடி ஜன்னல் என்பதால் துடைத்தோம், செயற்கைக்கோளில் கேமராவின் லென்ஸாக இருந்திருந்தால்? ஃபிட்டரைக் குறை சொல்ல மாட்டேன், நாற்பது வருடமாகச் சரியாக இருந்த பழக்கம் அது. விண்வெளிக்குப் போகும் பொருளுக்கு ஒரு சோதனை உண்டு: 125 டிகிரி சூட்டில் வெற்றிடத்தில் 24 மணி நேரம் வைத்தால் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், குளிர்ந்த தகட்டில் படிவது 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரப்பர், பசை, கிரீஸ், ஒயர் மேல் இருக்கும் உறை எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். உங்கள் சிஎன்சி மைக்ரான் அளவுக்கு வெட்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிடிபடாமல் படுத்துவது இந்த மாதிரி விஷயங்கள்தான், அதனால் முதல் திட்டத்தில் சோதனைக்கென்று நிறையப் பணமும் நாளும் ஒதுக்குங்கள். சோதனைக்கூடம் சொந்தமாகக் கட்ட நினைக்காதீர்கள். மத்திய அரசு 2020-ல் 400 கோடி ரூபாயில் பாதுகாப்புச் சோதனைக்கூடத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, அதில் ட்ரோன்களுக்கான ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலுக்கு ஒதுக்கப்பட்டது. விண்வெளி என்றால், தனியாருக்கு அனுமதியும் உதவியும் தரும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸ் வழியாக இஸ்ரோவின் வசதிகளையே கேட்கலாம். அக்னிகுல் நம் சென்னை ஐஐடி வளாகத்தில் தொடங்கிய ராக்கெட் கம்பெனி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட் விட்டார்கள். நாலு முறை கடைசி நேரத்தில் நிறுத்தி, ஐந்தாவது முறைதான் கிளம்பியது. இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா வளாகத்தின் கதவு திறக்காமல் இருந்திருந்தால் எத்தனை கோடி கையில் இருந்தும் அது நடந்திருக்காது.

அப்புறம் பணம். மானியம் மொத்தமாக வராது, ஒவ்வொரு மைல்கல்லையும் முடித்துக் காட்டக் காட்டத்தான் தவணை வரும். எங்களுக்கு அந்த வால்வின் கடைசித் தவணை பதினாலு மாதம் கழித்து வந்தது, இடையில் முதலாளி வீட்டு நகை பேங்குக்குப் போனது எனக்குத் தெரியும். அதனால் மானியத்தை நம்பி பம்ப் வியாபாரத்தைக் குறைத்துவிடாதீர்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். பொருள் விற்றபின் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு பதிவு செய்தவர்களுக்குத்தான்.

வாங்குகிற விஷயத்தில் நம் அரசு 2022-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. ஐடெக்ஸில் தேறிய பொருளை வாங்குவது என்று முடிவெடுத்ததிலிருந்து ஒப்பந்தம் வரை சுமார் 22 வாரம் என்று நடைமுறையைச் சுருக்கினார்கள். நல்ல திசை. ஆனாலும் விண்ணப்பிக்கும்போதே அந்தப் படைப்பிரிவிடம், "இது தேறினால் எத்தனை வாங்குவீர்கள், எந்த வருடப் பட்ஜெட்டில்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பதில் மழுப்பலாக வந்தால் வேறு சவாலைப் பாருங்கள்.

கேள்வி: இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ட்ரோன் யோசனை வைத்திருக்கிறோம். திட்ட அறிக்கை எப்படி எழுதினால் தேர்வாகும்? (ஒரு மாணவி, மதுரை)

பதில்: தங்கச்சி, முதல் பக்கத்தில் உங்கள் ட்ரோனைப் பற்றி எழுதாதீர்கள். அதைப் பயன்படுத்தப்போகிற ஆளைப் பற்றி எழுதுங்கள். அவர் எங்கே நிற்கிறார், இரவா பகலா, கையில் உறை போட்டிருக்கிறாரா, இப்போது அந்த வேலையை எதை வைத்துச் செய்கிறார், அது எங்கே கைவிடுகிறது. முடிந்தால் ஓய்வுபெற்ற ஒரு ஜவானைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் பேசுங்கள், உங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் இருப்பார். லடாக்கில் பேட்டரி எப்படிச் செத்துப்போகும் என்று அவர் சொல்வது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது.

பிறகு, எது தெரியாது என்பதைத் தைரியமாக எழுதுங்கள். நான் பார்த்த அறிக்கைகளில் பாதிக்கு மேல், எல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்டது போலத்தான் எழுதியிருப்பார்கள். எல்லாம் நடந்துவிட்டது என்றால் ஆராய்ச்சிப் பணம் எதற்கு? "காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் நிலைக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது, நாலாவது மாதத்தில் இப்படிச் சோதிப்போம், தோற்றால் இதைச் செய்வோம்" என்று ஒரு பத்தி இருந்தால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். செயற்கை நுண்ணறிவு என்ற வார்த்தையைத் தேவையில்லாத இடத்தில் போடாதீர்கள். மோட்டார் எந்த நாட்டிலிருந்து வருகிறது, சிப் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பட்டியல் கண்டிப்பாகக் கேட்பார்கள், இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். முதல் முறை தேர்வாகாவிட்டால், ஏன் என்று எழுத்தில் கேட்டு வாங்கி மறுபடி போடுங்கள். எங்கள் வால்வு மூன்றாவது முறைதான் தேர்வானது.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அதிலும் ஆயுதம் செய்வதற்கு. இதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா, இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்கிறேன்.

பணம் வீணாகிறதா என்றால், சில இடத்தில் ஆகிறது. பொருளை விற்கிற எண்ணமே இல்லாமல், வருடா வருடம் அறிக்கை எழுதி எஸ்பிஐஆர் பணத்திலேயே காலம் தள்ளும் கம்பெனிகள் அமெரிக்காவில் உண்டு, எஸ்பிஐஆர் ஆலைகள் என்றே அவற்றுக்குப் பெயர். சப்ரினா ஹோவெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதை ஆராய்ந்திருக்கிறார். எரிசக்தித் துறையின் கணக்குகளைப் பார்த்ததில், முதல் கட்டச் சின்னத் தொகை கிடைத்த கம்பெனிக்குப் பின்னால் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, ஆனால் இரண்டாம் கட்டப் பெரிய தொகையால் அப்படி ஒரு பலனும் தெரியவில்லை. பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க விமானப்படையின் கணக்கைப் பார்த்தார்கள். "இன்ன அளவில் இன்ன பொருள் வேண்டும்" என்று விமானப்படையே வரையறுத்துக் கேட்டபோது, பணம் வாங்கினவர்களே திரும்ப வந்து வாங்கினார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2018-லிருந்து "எங்களுக்கு எது உதவும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கதவைத் திறந்து வைத்தபோது புதிய, இளைய கம்பெனிகள் வந்தன, முதலீடும் வந்தது, ராணுவத்தின் மற்ற ஒப்பந்தங்களும் அவற்றுக்குக் கிடைத்தன. 2019 மார்ச்சில் நியூயார்க்கில் அந்த விமானப்படை ஒரு கூட்டம் போட்டு, கம்பெனிகள் பேசி முடித்த அன்றே ஒப்பந்தம் போட்டு, அரசாங்கக் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சில நிமிடத்தில் முதல் தவணையைக் கொடுத்தது. பதினாலு மாதம் காத்திருந்த எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது தொண்டை அடைத்தது, உண்மையாகவே சொல்கிறேன். ஆகவே, கொடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எப்படிக் கேட்டுக் கொடுக்கிறோம், யார் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்பதை மக்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயுதம் பற்றி. சென்னையில் பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி ஐடெக்ஸ் வழியாக, வருகிற ட்ரோனைக் கண்டுபிடித்துத் தடுக்கும் கருவியைச் செய்தது. அது யாரையும் கொல்வதற்கில்லை. அமெரிக்காவின் ஐரோபோட் கம்பெனியின் பேக்பாட் என்ற ரோபோ ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் பிறந்தது. ஆப்கானிஸ்தானில் குகைக்குள் போனது, 2011-ல் ஃபுகுஷிமா அணு உலைக்குள் மனிதன் போக முடியாத இடத்தில் கதிர்வீச்சை அளக்கவும் போனது. ஆனால் எல்லாமே அப்படி என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகிவிடும். கொல்வதற்கான பொருளும் இதே பணத்தில் வருகிறது. நான் வால்வு செய்த காலத்தில், அது செயற்கைக்கோளுக்கா ஏவுகணைக்கா என்று கேட்டபிறகுதான் வேலையில் கை வைத்தேன். ஏவுகணைக்கு என்று ஒருமுறை பதில் வந்தது, இரண்டு நாள் தூங்கவில்லை, பிறகு செய்தேன். எல்லையில் நிற்கிற பிள்ளைகளை நினைத்துச் செய்தேன். அது சரி என்று இன்றும் நினைக்கிறேன், வேறு முடிவெடுத்த நண்பரையும் மதிக்கிறேன். இளைஞர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கேள்வி: குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் வந்தால் எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வேலை கிடைக்குமா? (ஒரு வாசகர், திருச்செந்தூர்)

பதில்: 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள், எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கான தளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். உங்கள் கடற்கரையிலிருந்து நேராகவே தெற்கே போகலாம். தளம் இருப்பதாலேயே பட்டறைக்கு ஆர்டர் வந்துவிடாது. குழாய் வெல்டிங், வாயு நிரப்பும் இணைப்புகள், தாங்கு சட்டங்கள், இவைதான் பக்கத்து ஊர்க்காரர்களிடம் முதலில் கேட்கப்படும் வேலைகள். உங்கள் வெல்டர்களில் இரண்டு பேரை இப்போதே அனுப்பி, எக்ஸ்ரே சோதனையில் தேறுகிற துருப்பிடிக்காத எஃகு வெல்டிங்குக்குத் தகுதிச் சான்று வாங்க வையுங்கள். ஆறு மாதம் பிடிக்கும், இப்போது ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.